கைச்சக்கரமும் கணினியும்: சிறு துருவல் இயந்திரத்தை வீட்டிலேயே மாற்றியமைத்தல்

'கால்' என்னும் சொல் உடலுறுப்பையும், காற்றையும், நான்கில் ஒரு பங்கையும் குறிப்பதோடு நீரோடும் வாய்க்காலையும் குறிக்கும். எனவே வல்லம் வடகால் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்கும் தமிழ் மாணவருக்கு ஏரியும் மதகும் நெற்கழனியும் நினைவில் எழுதல் இயல்பே. ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட அவ்வூரின் பெயர் இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராகவே வெளியுலகிற்கு அறிமுகமாகியுள்ளது. 2015-இல் யமஹா நிறுவனமும் 2017-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் அங்கு இருசக்கர வண்டிகளை ஆக்கத் தொடங்கின. 2024 ஆகஸ்டுத் திங்களில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி வளாகமும் அங்கே திறக்கப்பட்டது. வாய்க்கால் ஓடிய நிலத்தில் இன்று ஷிஃப்டுப் பேருந்துகள் ஓடுகின்றன.

இத்தொழிற்சாலைகளிலும், அவற்றிற்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் சிறு நிறுவனங்களிலும் பணிபுரிவோர் நம் மாணவர்தம் அண்ணன்மாரும் அக்காமாருமே. அவருள் பலர் கணினி இயக்கும் துருவல் இயந்திரத்தின் முன்னே எட்டு மணி நேரம் நிற்கின்றனர். உலோகத் துண்டை வைத்தல், கதவை மூடல், பச்சைப் பொத்தானை அழுத்தல், முடிந்த துண்டை எடுத்தல் என்னும் இவ்வளவே பலருக்கு வாய்த்த கல்வி. உள்ளே கட்டர் ஏன் இடப்புறம் சென்றது, ஏன் ஓரிடத்தில் மெதுவாகத் திரும்பிற்று என வினவினால், 'புரோகிராம் அப்படி' என்னும் ஒற்றை விடையே கிடைக்கும். அவ்விடையோடு நிறைவடையாத இளைஞர் சிலர், பழைய கையியக்கத் துருவல் இயந்திரம் ஒன்றை வாங்கி, அதனைத் தாமே கணினிக்கு உட்படுத்திப் பார்க்க விழைகின்றனர். இது வீண் செலவா, பயனுள்ள பயிற்சியா என்று பெற்றோர் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அம்மாற்றத்தில் நிகழ்வது யாதென முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். தமிழ்த்துறை மலரில் இரும்புக்கு என்ன வேலை என எண்ணுவோர் சற்றே பொறுத்தருள்க. ஒன்றைத் தாய்மொழியில் விளக்க இயலவில்லையெனில் அதனை நாம் அறியவில்லை என்பதே நம் துணிபு.

மூவர் செய்த வேலை

துருவல் இயந்திரத்தைப் பட்டறையில் 'மில்லிங் மெஷின்' என்பர். லேத்தில் உலோகம் சுழலும், உளி நிற்கும். மில்லிங்கில் பல் கொண்ட கட்டர் சுழலும். உலோகத் துண்டோ மேசையின் மீது வைசில் இறுக்கப்பட்டு மேசையோடு நகரும். மேசை இடவலமாக நகர்வதை எக்ஸ் அச்சு என்றும், முன்பின்னாக நகர்வதை ஒய் அச்சு என்றும், கட்டர் ஏறி இறங்குவதை இசட் அச்சு என்றும் வழங்குவர். ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு திருகுத் தண்டும், அதனைச் சுழற்ற ஒரு கைச்சக்கரமும் உண்டு. சக்கரத்தின் விளிம்பில் அளவுக் கோடுகள் இருக்கும். நேர்க்கோட்டில் வெட்ட ஒரு சக்கரம் போதும். வளைவாக வெட்ட வேண்டுமாயின் இரு சக்கரங்களையும் ஒருங்கே, ஒன்றற்கொன்று மாறுபட்ட வேகத்தில் சுழற்ற வேண்டும். தேர்ந்த கைக்கும் அது அரிது.

இவ்வருமையிலிருந்தே கணினி இயந்திரம் பிறந்தது. 1940-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்து வந்தார். இறக்கையின் வளைவைச் சரிபார்க்கும் வடிவத் தகடுகளுக்கு மிக நுண்ணிய அளவு வேண்டியிருந்தது. அவர்தம் உடன்பணியாளர் ஃபிராங்க் ஸ்டூலன், துளை அட்டைகளால் இயங்கும் கணக்கிடும் பொறிகளைக் கொண்டு வளைவின் மீதுள்ள புள்ளிகளின் அளவுகளைக் கணித்துத் தந்தார். பின்னர் ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, ஒருவர் எக்ஸ் சக்கரத்தையும் மற்றொருவர் ஒய் சக்கரத்தையும் சுழற்றினர். எண்களைச் சொல்லச் சொல்ல இரு கைகள் இயங்கின. இன்றைய சி.என்.சி. இயந்திரத்தில் நிகழ்வதும் இதுவே. படிப்பவர் இடத்தில் கணினி அமர்ந்தது. சக்கரம் சுழற்றியோர் இடத்தில் மோட்டார்கள் அமர்ந்தன.

பார்சன்ஸின் கருத்தைச் செயற்படுத்த அமெரிக்க விமானப்படை 1949-இல் பொருளுதவி நல்கிற்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் அப்பணியை ஏற்றது. அவர்கள் புதிய இயந்திரம் ஒன்றைப் படைக்கவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்னும், முன்பே இருந்த துருவல் இயந்திரத்தை எடுத்து மாற்றியமைத்து, 1952 செப்டம்பரில் பலரறிய இயக்கிக் காட்டினர். கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. அவற்றைப் படித்து இயக்கிய மின்னணுப் பெட்டி, நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்களோடு பேருருக் கொண்டிருந்தது. ஆகவே உலகின் முதல் எண்கட்டுப்பாட்டுத் துருவல் இயந்திரமே பழைய இயந்திரத்தை மாற்றியமைத்ததுதான். வாடகை வீட்டின் முன்னறையில் இன்று ஓர் இளைஞர் செய்ய முனைவது அதே வேலையின் சிறு வடிவம். அவருடைய மின்னணுப் பெட்டி மட்டும் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது.

துளையிட்ட கட்டளை என்பது நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. ஜக்கார்டு என்னும் பிரெஞ்சுக்காரர் 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த தறியில், அட்டையின் துளைகளே எந்த இழை எழ வேண்டும் எனத் தீர்மானிக்கும். அவ்வட்டை மாலைகள் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளின் மேலே தொங்குவதைக் காணாதார் அரியர். அதற்கும் முற்பட்டு, 9-ஆம் நூற்றாண்டுப் பாக்தாதில் பனூ மூசா உடன்பிறந்தார் மூவர், உருளையில் பதித்த முளைகளால் தானே இசைக்கும் குழற்கருவியை விவரித்துள்ளனர். முளையை மாற்றினால் இசை மாறும். செய்கையைக் கருவியிலிருந்து பிரித்துத் தனியே 'எழுதி' வைக்கலாம் என்னும் எண்ணம் பழமையானது. அந்த எழுத்தை உலோகத்தின் மேல் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பிறழாமல் படித்துக் காட்டுவதே பிற்காலத்தார் செய்தது.

படிப்படியாக நகர்தல்

கைச்சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் பொருத்தப்படுவது பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார் ஆகும். மின்விசிறியின் மோட்டார் மின்சாரம் பாய்ந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். இதுவோ ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி மட்டும் திரும்பி நிற்கும். பெரிதும் வழக்கிலுள்ள வகை ஒரு படிக்கு 1.8 பாகை திரும்பும். அதாவது முழுச் சுற்றுக்கு 200 படிகள். டிரைவர் என்னும் மின்சுற்று ஒரு படியை மேலும் எட்டாகப் பகுக்குமாறு அமைத்தால், ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள் வேண்டும். அச்சுற்றில் திருகுத் தண்டு மேசையை 5 மி.மீ. நகர்த்துமாயின், ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள்; ஒரு துடிப்புக்கு 0.003125 மி.மீ. நகர்வு. கணினிக்கு நாம் தர வேண்டிய முதன்மையான எண் இந்த 320-தான். இது பிழைத்தால் அனைத்தும் பிழைக்கும்.

இக்கணக்கைக் கண்டு, 'எம் இயந்திரம் மூன்று மைக்ரான் துல்லியம் உடையது' என மகிழ்தல் கூடாது. சிறுகச் சிறுக நகரும் திறன் வேறு. சொன்ன இடத்தில் சென்று நிற்கும் திறன் வேறு. கடையில் எளிதாகக் கிடைக்கும் சி7 தரத்துப் பால் ஸ்குரூவே 300 மி.மீ. நீளத்திற்கு 0.05 மி.மீ. வரை பிறழ இடமுண்டு. மேலும் ஸ்டெப்பர் மோட்டார் கட்டளைக்குக் கீழ்ப்படியுமேயன்றிச் சென்றடைந்தேனா எனத் திரும்பிச் சொல்லாது. கட்டர் ஆழமாக மாட்டி மோட்டார் சில படிகளைத் தவறவிட்டாலும், கணினி யாவும் நலமே என எண்ணி மேற்செல்லும். பெருந்தொழிற்சாலைகளின் சர்வோ மோட்டாரோ தன் நிலையை நொடிதோறும் திருப்பித் தெரிவிக்கும். விலை வேறுபாட்டிற்கு அதுவும் ஒரு காரணம்.

துடிப்புகளை அனுப்பும் மென்பொருளுக்கு விலையில்லை. அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனத்தில் 1990-களில் உருவான ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்ததே லினக்ஸ் சி.என்.சி.; பழைய மேசைக் கணினியிலும் அது இயங்கும். 2009-இல் நார்வே நாட்டவர் ஒருவர் தொடங்கிய கிரிபில் என்னும் மென்பொருள் ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகையிலேயே அடங்கி, நொடிக்கு 30,000 துடிப்புகள் வரை தரவல்லது. நிமிடத்திற்கு 600 மி.மீ. வேகத்தில் மேசையை நகர்த்த நமக்கு வேண்டியவை நொடிக்கு 3,200 துடிப்புகளே. ஆகவே இங்குத் தடை கணினியன்று, இரும்பு.

பிளே என்னும் இடர்

திருகுத் தண்டின் மரைக்கும் அதனைத் தழுவிய நட்டின் மரைக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தே தீரும். சக்கரத்தை ஒரு திசையில் சுழற்றிவிட்டு எதிர்த் திசையில் திருப்பினால், அவ்விடைவெளி கடக்கும்வரை சக்கரம் சுழலும், மேசை அசையாது. சங்கிலி தளர்ந்த மிதிவண்டியில் முதற்சில மிதி வெறுமையாகப் போவது போன்றது இது. நூலோர் இதற்கு எத்தனை சொல் படைத்தாலும் பட்டறையில் வழங்குவது 'பிளே' என்பதே. 'எவ்வளவு பிளே இருக்கு?' எனக் கேளாமல் எவரும் பழைய இயந்திரத்தை விலை பேசுவதில்லை. தேய்ந்த இயந்திரத்தில் அது அரை மில்லிமீட்டரைத் தாண்டுவதும் உண்டு.

கையால் இயக்குபவருக்கு இது பெருங்குறையன்று. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அணுகி அளவைப் பிடிக்க அவர் கை பழகியிருக்கும். வெற்றாகச் சுழலும் சக்கரத்தை விரல்களே உணர்த்திவிடும். கணினிக்கு விரல்கள் இல்லை. அது 10 மி.மீ. திரும்பி வா என்று ஆணையிட்டால், மேசை 9.7 மி.மீ. மட்டுமே வந்து நிற்கும்.

இதனினும் கொடியது வெட்டும் திசையால் விளைவது. கட்டரின் பல் சுழலும் திசைக்கு எதிராக மேசை நகர்ந்தால், கட்டர் மேசையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். மரையின் ஒரே பக்கம் எப்போதும் அழுந்தியிருப்பதால் பிளே தலைகாட்டாது. பல் சுழலும் திசையிலேயே மேசையும் நகர்ந்தால், கட்டர் மேசையைத் தன்பால் இழுக்கும். இடைவெளி இருக்குமளவும் மேசை முன்னே பாயும். பல் தாங்கவியலாத பருமனில் கடித்து முறியும். இந்த இரண்டாம் முறையைக் கிளைம்ப் மில்லிங் என்பர். கைப்பட்டறையின் மூத்தோர் இளைஞரை முதல் நாளே எச்சரிப்பது இதனைக் குறித்துத்தான். ஆனால் வெட்டும் பாதையை வகுத்துத் தரும் மென்பொருள்கள் பல, நல்ல பரப்புக் கிடைக்குமென்று இம்முறையையே தாமாகத் தேர்ந்து தருகின்றன. மூத்தோர் சொல்லை மென்பொருள் அறியாது. இயக்குபவர் அறிந்து மாற்றியமைத்தல் வேண்டும்.

ஆகவேதான் மாற்றியமைப்போர் பழைய திருகுத் தண்டை நீக்கிப் பால் ஸ்குரூ பொருத்துகின்றனர். இதில் மரைக்கு மரை உராய்வதில்லை; இடையே எஃகுக் குண்டுகள் உருண்டோடுகின்றன. பிளே மிகக் குறைகிறது. மோட்டாரின் பளுவும் குறைகிறது. தண்டின் ஒரு முனையைச் சாய்தொடர்பு பேரிங் இரண்டைக்கொண்டு முன்பின் அசையாது இறுக்கி, மறுமுனையைச் சுழல மட்டும் தாங்கி விட வேண்டும். பேரிங்கில் அசைவிருந்தால் உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய பால் ஸ்குரூவும் பயனற்றதே. லினக்ஸ் சி.என்.சி.யில் பிளேயின் அளவைப் பதிந்து ஈடுசெய்ய வழியுண்டு. மூல கிரிபிலில் அஃதில்லை. எனினும் ஈடுசெய்தல் இடத்தைத் திருத்துமேயன்றி, கட்டர் மேசையை இழுப்பதைத் தடுக்காது.

பால் ஸ்குரூவினால் வரும் தீங்கு ஒன்றுண்டு. அதனை வீட்டில் இயந்திரம் வைப்போர் கட்டாயம் அறிதல் வேண்டும். பழைய மரைத் தண்டு உராய்வினால் தானே பூட்டிக்கொள்ளும். கைவிட்டாலும் தலைப்பகுதி இறங்காது. பால் ஸ்குரூவில் அவ்வுராய்வு இல்லை. மின்சாரம் நின்ற நொடியில் ஸ்டெப்பர் மோட்டார் பிடியை விடும். கட்டரோடு கூடிய கனத்த தலை தன் எடையால் இறங்கி, வைசில் உள்ள துண்டின் மீதோ, துடைத்துக்கொண்டிருந்த விரலின் மீதோ அமரும். இசட் அச்சுக்கு எதிரெடை, கேஸ் ஸ்பிரிங், அன்றேல் பிரேக் உள்ள மோட்டார் அமைத்தல் இதனாலேயே இன்றியமையாததாகிறது. போன மின்சாரம் திரும்பியவுடன் கட்டர் தானே சுழலத் தொடங்காதவாறு காண்டாக்டர் வழியாக இணைத்தலும் வேண்டும்.

இயந்திரத்தின் இலக்கணம்

ஜி-கோடு எனப்படும் கட்டளை மொழியைக் கண்டபோது இலக்கண ஆசிரியருக்கு உவகை பிறத்தல் இயல்பு. 'ஜி01 எக்ஸ்40 ஒய்25 எஃப்120' என்பது ஒரு முழு வாக்கியம். நேர்க்கோட்டில் செல்க, எக்ஸ் அச்சில் 40-ஆம் இடத்திற்கும் ஒய் அச்சில் 25-ஆம் இடத்திற்கும் செல்க, நிமிடத்திற்கு 120 மி.மீ. வேகத்தில் செல்க என்பது பொருள். தமிழில் வினை இறுதியில் நிற்கும். இங்கு முதலில் நிற்கிறது. அடுத்த வரியில் 'எக்ஸ்60' என மட்டும் எழுதினாலும் போதும். முன் வரியின் வினையும் வேகமும் தொடர்ந்து வந்து பொருள் முடிக்கும். எச்சம் முற்றை அவாவி நிற்கும் நம் தொடர்களைப் பயின்ற மாணவருக்கு இதனை விளக்க நெடுநேரம் ஆகாது. ஜி02, ஜி03 என்பவை வலஞ்சுழி, இடஞ்சுழி வில்கள். எம்03 கட்டரைச் சுழற்றும், எம்05 நிறுத்தும். 1980-இல் அமெரிக்காவில் ஆர்.எஸ். 274-டி என வரையறுத்த இம்மொழியின் கிளைமொழிகளே வல்லம் வடகாலின் பெரிய இயந்திரங்களிலும் வழங்குகின்றன.

இதில் ஒருசொற் பிழையும் பெருங்கேடு விளைக்கும். ஜி21 என்றால் எண்கள் மில்லிமீட்டர். ஜி20 என்றால் அங்குலம். ஒன்றற்கு மற்றொன்றை எழுதினால் ஒவ்வொரு நகர்வும் 25.4 மடங்கு பிறழும். ஜி90 என்றால் எண் தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கப்படும். ஜி91 என்றால் இப்போது நிற்கும் இடத்திலிருந்து. பச்சைப் பொத்தான் மட்டும் அழுத்திப் பழகிய இளைஞர், தம் வீட்டு இயந்திரத்திற்கு ஒரு சதுரம் வெட்டும் எட்டு வரிகளைத் தாமே எழுதிய மறுநாள், தொழிற்சாலையின் திரையில் ஓடும் வரிகளைப் படிக்கத் தொடங்கிவிடுவார். செட்டிங் செய்பவர் விடுப்பெடுத்த நாளில் அழைக்கப்படும் பெயர் அவருடையதாகலாம். இம்முயற்சியில் நாம் காணும் பெரும்பயன் இதுவே.

பிழைப்புக்கு மூலதனம் என எண்ணி நகையை அடகு வைத்து இதனைச் செய்தல் தகாது என்பதையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். மேசை மீது வைக்கும் சிறு இயந்திரத்தின் எடை நூறு கிலோ அளவிலானது. தொழிற்சாலை இயந்திரமோ டன் கணக்கில் நிறுக்கும். அவ்வெடையே வெட்டும்போது அதிராமல் தாங்குவது. கணினி பொருத்தியதால் மெலிந்த உடல் வலுப்பெறாது. அலுமினியம், பித்தளை, பிளாஸ்டிக் ஆகியவற்றில் மாதிரிப் பாகங்களும் சிறு பலகைகளும் செய்யலாம்; எஃகில் மெல்லிய வெட்டுகளே இயலும். ஆயிரக்கணக்கில் பாகம் செய்து தரும் ஒப்பந்தத்தில் பெரிய இயந்திரத்தோடு போட்டியிட இயலாது. முனையும் முன் முறையாகக் கற்க விழைவோருக்கு வாயில் அருகிலேயே உள்ளது. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து தரமுயர்த்தும் தமிழக அரசின் திட்டத்தில் முதற்கட்ட மையங்கள் 2023 ஜூலையில் ஒரகடத்திலேயே தொடங்கி வைக்கப்பட்டன.

செய்யும் முறை

முதலில் பழைய இயந்திரத்தைப் பழைய இயந்திரமாகவே செம்மை செய்க. வழித்தடங்களுக்கிடையே செருகிய சரிவுப் பட்டையை இறுக்கி, மேசையின் பக்க அசைவை நீக்குக. கோணல் இயந்திரத்தைக் கணினிக்கு உட்படுத்தினால், கோணலை விரைவாகச் செய்யும். அடுத்து, மோட்டாரைத் தாங்கும் தகடுகளையும் பேரிங் பெட்டிகளையும் கைச்சக்கரம் இருக்கும்போதே அதே இயந்திரத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டபின் தகட்டுக்காகப் பிறர் பட்டறையில் காத்து நிற்போர் பலர். ஓர் அச்சை முற்றாக முடித்து இயக்கிப் பார்த்தபின் அடுத்ததைத் தொடுதல் நன்று. எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு 57 மி.மீ. சதுர முகப்புடைய நெமா 23 வகை மோட்டார் போதும். தலையைத் தூக்கும் இசட் அச்சுக்கு அதனினும் வலியது வேண்டப்படலாம். இவையாவும் சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பனவே.

மின்சுற்றுகளை மூடிய பெட்டியில் வைத்து, உலோகத் துகள் புகாது காத்து, இயந்திரத்தின் உடலை எர்த் இணைப்போடு சேர்க்க வேண்டும். கட்டர் மோட்டாரின் கம்பியும் லிமிட் சுவிட்சின் கம்பியும் ஒன்றாய்க் கட்டப்பட்டால், இல்லாத எல்லையை முட்டியதாகக் கணினி மயங்கி நிற்கும். கை எட்டும் தொலைவில் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் வேண்டும். அது மென்பொருளுக்குச் செய்தி அனுப்புவதாக மட்டும் இராமல் மோட்டார்களின் மின்சாரத்தையே துண்டிப்பதாக இருத்தல் வேண்டும். சுழலும் கட்டரின் அருகே கையுறை அணிதல் கூடாது. பல் உறையைப் பற்றினால் கையும் உடன் செல்லும். துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை ஆகியவற்றிற்கும் இதுவே விதி. கண்ணாடி அணியாமல் குனிந்து பார்த்தல் ஒருபோதும் வேண்டா. வீட்டில் சிறுவர் இருப்பின் அறைக்குப் பூட்டு வேண்டும்.

அனைத்தும் பொருத்திய பின் கட்டருக்குப் பதிலாக ஒரு பேனாவைக் கட்டி, வைசில் காகிதம் ஒட்டிய பலகையை வைத்து, 50 மி.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை வரையச் செய்க. மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு முனைகளிலும் ஏதேனும் ஓர் அச்சு திசை திரும்புகிறது. பிளே இருப்பின் அவ்விடங்களில் வட்டம் சிறிதளவு தட்டையாகும். இரு முனைகள் மட்டும் தட்டையாயின், குற்றம் எந்த அச்சில் என்பது விளங்கிவிடும். அவ்வச்சில் டயல் கேஜை வைத்து அளந்து, நட்டையும் பேரிங்கையும் சரிசெய்து, மீண்டும் வட்டம் வரைக. தொடங்கிய புள்ளியிலேயே கோடு வந்து பொருந்தி, நான்கு முனைகளும் உருண்டு வந்த பின்னரே முதல் அலுமினியத் துண்டை வைசில் இறுக்கலாம்.